வீட்டுக்குள் ஓர் அஸெராத்

2016 ஏப்ரல் 10-ம் தேதி நோஸ்டால்ரியஸ் மூடப்பட்டது. பிரான்ஸ் நிறுவனம் ஒன்றிடம் வாடகைக்கு எடுத்த கணினிகளில் ஓடிய விளையாட்டு சர்வர் அது. சம்பளம் வாங்காத சில ஆர்வலர்கள் அதை நடத்தினார்கள். எட்டு லட்சம் கணக்குகள் பதிவாகியிருந்தன என்றும், அதில் ஒன்றரை லட்சம் பேர் தொடர்ந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்றும் அந்தக் குழு அறிவித்தது. உள்ளே ஓடியது 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'. அதுவும் 2006-ல் இருந்த பழைய பதிப்பு. அதை உருவாக்கிய பிளிஸார்ட் நிறுவனமே, புதுப் பதிப்புகளைக் கொண்டுவந்தபோது பழையதை மாற்றி எழுதிவிட்டது. அஸெராத் என்ற அந்தப் பழைய உலகத்தைத் தேடியவர்கள் நோஸ்டால்ரியஸுக்கு வந்தார்கள். பிளிஸார்டின் வழக்கறிஞர்களிடமிருந்து நோட்டீஸ் வந்தது. சர்வரை அணைத்துவிட்டார்கள்.

விவகாரம் அணையவில்லை. பழைய பதிப்பைக் கேட்டு எழுந்த ஒரு மனுவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். சில வாரங்களில் நோஸ்டால்ரியஸ் குழுவை பிளிஸார்டே அழைத்துப் பேசியது. 2013-ல் ஒரு ரசிகர் மேடையில் பழைய பதிப்பைக் கேட்டபோது, உங்களுக்கு அது வேண்டும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான் என்ற தொனியில் பதில் சொல்லியிருந்தது அதே நிறுவனம். 2017-ல் இறங்கிவந்து அறிவிப்பு வெளியிட்டது. 2019 ஆகஸ்டில் 'கிளாஸிக்' என்ற பெயரில் பழைய பதிப்பை அதிகாரபூர்வமாகவே திறந்தது.

இதுவரை பலரும் எழுதிய கதை. நோஸ்டால்ரியஸ் எந்த மென்பொருளின் மேல் ஓடியது என்பதைப் பற்றித்தான் பேச்சு குறைவு. பிளிஸார்டின் சர்வர் மென்பொருள் வெளியாருக்குக் கிடைத்ததில்லை. இந்த ஆர்வலர்கள் அடித்தளமாக வைத்திருந்தது 'மேங்கோஸ்' என்ற திறந்த மூலநிரல் மென்பொருள். 2005-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் வாரிசுகள் இன்றும் இருக்கின்றன. 'சிமேங்கோஸ்', 2008-ல் கிளை பிரிந்த 'டிரினிட்டிகோர்', பிறகு வந்த 'அஸெராத்கோர்' என்று. மூலநிரல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கி, வீட்டு விண்டோஸ் கணினியில் கம்பைல் செய்து, ஒரு கண்டத்தையே தன் மேஜைமேல் ஓடவிடலாம்.

செய்யலாம் என்பது சரி. செய்து பார்த்தவர்களைக் கேட்டால் முதலில் ஒரு பெருமூச்சு வரும்.

பாதிதான் உங்களிடம் இருக்கிறது

இணையத்தில் பலர் சேர்ந்து விளையாடும் விளையாட்டை வாங்குபவர் கையில் கிடைப்பது பாதிதான். வார்கிராஃப்ட்டின் 3.3.5 பதிப்பை எடுத்துக்கொள்வோம். ஹார்ட் டிஸ்கில் பதினைந்து ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும். மலை, கோட்டை, டிராகன், இசை, உருவங்களின் அசைவு எல்லாம் அதற்குள் இருக்கும். ஆனால் காட்டில் ஓநாய் எந்த மரத்தடியில் நிற்கிறது, அடித்தால் எவ்வளவு உயிர் குறையும், செத்தால் மடியிலிருந்து என்ன விழும், கிராமத்துப் பெரியவர் கொடுத்த வேலையை நீங்கள் முடித்தீர்களா இல்லையா என்பதில் எதுவும் உங்கள் கணினிக்குத் தெரியாது. அதையெல்லாம் தீர்மானிப்பது சர்வர். தெருக்கூத்துக்கு வேஷம், திரை, விளக்கு எல்லாம் நம் ஊருக்கு வந்து இறங்கிவிட்டது, கட்டியங்காரன் மட்டும் கலிஃபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு ஒயர் வழியாகக் கூத்தை நடத்துகிறான் என்றால் எப்படியோ அப்படி. அவன் தூங்கப் போனால் கூத்து நின்றுவிடும்.

நின்றதும் உண்டு. யுபிசாஃப்ட் நிறுவனம் 2014-ல் விற்ற 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31-ல் அணைத்தது. காசு கொடுத்து வாங்கியவர்களின் டிஸ்குகள் அன்றோடு செல்லாக்காசு. தனியாக ஓட்டிப் பார்க்கக்கூட வழியில்லை. அந்தக் கோபத்தில் பிறந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் மனு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது.

மேங்கோஸ் போன்ற திட்டங்களைத் தொடங்கியவர்கள் மனு போடவில்லை. இல்லாத பாதியைத் தாங்களே எழுத உட்கார்ந்தார்கள். இது அவர்களுக்கு முன்பே நடந்ததுதான். 1997-ல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' விளையாட்டுக்கு ஸ்ஃபியர், ரன்யூஓ என்று ரசிகர்களே சர்வர்கள் எழுதியிருந்தார்கள். 2004 நவம்பரில் வார்கிராஃப்ட் வந்தபோது, அந்தப் பழக்கம் உள்ளவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள்.

எப்படி எழுதினார்கள்? நிறுவனத்தின் சர்வரோடு விளையாடும்போது ஒயரில் போகும், வரும் தரவுப் பொட்டலங்களைப் பதிவு செய்தார்கள். விளையாட்டுக்குள் ஒரு அடி எடுத்து வைத்தால் ஒரு பொட்டலம் போகும். ஓநாய் கண்ணில் பட்டால் ஒன்று வரும். ஒவ்வொரு வகைப் பொட்டலத்துக்கும் ஓர் எண் உண்டு, பதிப்பு மாறும்போது அந்த எண்களும் மாறும். எந்த எண் எதைக் குறிக்கிறது என்று ஊகித்து, சோதித்து, பிழை திருத்தி, மறுபடி சோதித்து அட்டவணை போட்டார்கள். இந்தப் பதிவுகளைப் படித்துச் சொல்லவே டிரினிட்டிகோர் குழு தனியாக ஒரு மென்பொருள் வைத்திருக்கிறது. ஓநாய் நிற்கும் இடம் ஒவ்வொன்றும் இப்படித்தான் தரவுத்தளத்துக்கு வந்து சேர்ந்தது. பல்லாயிரக்கணக்கான ஓநாய்கள், காவலாளிகள், கடைக்காரர்கள். சம்பளமில்லாத கைகள் பல ஆண்டுகள் செய்த வேலை. கம்ப்யூட்டர் உலகில் இதைவிடப் பொறுமையான கூட்டு உழைப்பு அதிகம் இல்லை என்பது என் எண்ணம். பாராட்டுக் கூட்டம் யாரும் நடத்தப்போவதில்லை.

விண்டோஸின் ஏழு வாசல்கள்

லினக்ஸ் கணினியில் இந்த மூலநிரலைக் கம்பைல் செய்ய, தேவையான கருவிகளின் பெயர்களை ஒரே கட்டளையில் அடித்தால் எல்லாம் வந்து இறங்கிவிடும். ஆனால் வார்கிராஃப்ட் ஆடுபவர்களில் பெரும்பாலோர் விண்டோஸில் இருக்கிறார்கள். விளையாட்டு இருக்கும் கணினியிலேயே சர்வரையும் வைத்துக்கொள்ளத்தான் யாருக்கும் ஆசை. விண்டோஸோ கம்பைலர் இல்லாமல் வருகிறது. மென்பொருளை வாங்கு, ஓட்டு, எழுதுவது வேறு யாருடைய வேலையோ என்பது அதன் பழைய சுபாவம்.

ஆகவே ஒவ்வொரு வாசலாகப் போய்த் தட்ட வேண்டும். மூலநிரலை இறக்கவும் புதுப்பிக்கவும் கிட். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் லினக்ஸுக்காக எழுதியது. கம்பைலருக்கு மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் ஸ்டுடியோ. அதன் கம்யூனிட்டி பதிப்பு தனிநபர்களுக்கு இலவசம், ஆனால் நிறுவும்போது சி பிளஸ் பிளஸ் பகுதியை நாமே டிக் செய்யாவிட்டால் கம்பைலர் வராமல் வெறும் எடிட்டர் மட்டும் வந்து நிற்கும். எந்தக் கணினி, எந்த கம்பைலர் என்று பார்த்து அதற்கேற்ற பில்ட் கோப்புகளைத் தயாரிக்க சிமேக். சி பிளஸ் பிளஸ்காரர்களின் பொதுக் களஞ்சியமான பூஸ்ட். ரகசியக் குறியீட்டுக்கு ஓபன்எஸ்எஸ்எல். உலகத்தின் தகவல்களை வைக்க மைஎஸ்க்யூஎல். கடைசியாக, சட்டப்படி வாங்கி வைத்திருக்க வேண்டிய விளையாட்டு.

இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக நல்லவை. சேர்ந்து உட்கார வைக்கும்போதுதான் சண்டை. பூஸ்டை விண்டோஸுக்காக முன்பே தயாரித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் எந்த விஷுவல் ஸ்டுடியோவில் தயாரித்தது என்ற எண் அதன் கோப்புப் பெயரிலேயே இருக்கும். 2022 பதிப்பு வைத்திருப்பவர் 14.3 என்பதை எடுக்க வேண்டும். 2019 என்றால் 14.2. மாற்றி எடுத்தால், பூஸ்ட் கண்ணெதிரே இருக்கும்போதே 'பூஸ்டைக் காணவில்லை' என்று சிமேக் சொல்லும். 32-பிட், 64-பிட் கலந்தாலும் இதே கதி. பூஸ்ட் எங்கே இருக்கிறது என்பதை விண்டோஸின் சூழல் மாறிகளில் எழுதிவைக்க வேண்டும். எழுதிய பிறகு ஏற்கெனவே திறந்திருக்கும் சிமேக் ஜன்னலை மூடித் திறக்காவிட்டால் அது பழைய நினைப்பிலேயே இருக்கும். ஓபன்எஸ்எஸ்எல்லில் 'லைட்' என்று ஒரு சிறிய பொதி கிடைக்கும். சின்னதாக இருக்கிறதே என்று அதை எடுத்தவர்களுக்கு, கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் கோப்புகள் அதில் இருக்காது. மைஎஸ்க்யூஎல்லிலும் சர்வர் மட்டும் போதாது, அதன் டெவலப்மென்ட் கோப்புகளும் வேண்டும்.

ஃபோல்டரை எங்கே வைப்பது என்பதும் ஒரு பாடம்தான். 'புரோகிராம் ஃபைல்ஸ்' மாதிரி நடுவில் இடைவெளி உள்ள பெயர் வேண்டாம் என்கிறார்கள் அனுபவசாலிகள். தமிழ்ப் பெயர் வைத்த ஃபோல்டரும் சில கருவிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. விண்டோஸில் கோப்பின் முழு முகவரி 260 எழுத்துகளைத் தாண்டக்கூடாது என்ற பழைய வரம்பு இன்னமும் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாக வைத்தால் கிட் பாதியில் நின்றுவிடும். சி டிரைவின் வாசலிலேயே சின்னப் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டுவிடுவது உத்தமம்.

சிமேக் ஜன்னலில் 'கன்ஃபிகர்' அழுத்தினால் மாற்றக்கூடிய அமைப்புகள் சிவப்பில் வரும். சிவப்பு என்றதும் பதறிப்போகிறார்கள் புதியவர்கள். இங்கே சிவப்பு புது அமைப்பைக் குறிக்கிறது, பிழையை அல்ல. இன்னொரு முறை அழுத்தினால் வெள்ளையாகிவிடும். வரைபடங்களைப் பிரித்தெடுக்கும் கருவிகளும் வேண்டும் என்று இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் பிறகு மறுபடி இங்கே வர வேண்டியிருக்கும். அப்புறம் 'ஜெனரேட்'. விஷுவல் ஸ்டுடியோ திறக்கும். மேலே 'டீபக்' என்று இருப்பதை 'ரெல்வித்டெப்இன்ஃபோ' என்று மாற்றுவது முக்கியம். டீபக்கில் கட்டிய சர்வர் ஓடும், ஆனால் நோயாளி நடப்பதைப் போல் ஓடும். மாற்றிவிட்டு, முழுவதையும் கட்டச் சொல்லலாம்.

பிறகு காத்திருப்பு. பல லட்சம் வரிகள். நல்ல கணினியில் கால் மணியோ அரை மணியோ ஆகும், பழைய லேப்டாப்பில் ஒரு மணி நேரம் தாண்டும். மின்விசிறி சத்தம் போட ஆரம்பிக்கும். விளையாட்டைத் தெரிந்தவர்கள் இந்த நேரத்தில் எழுந்து போகமாட்டார்கள். கீழே ஓடும் பட்டியலில் கம்பைல் ஆகும் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். முதலில் நெட்வொர்க், தரவுத்தளம் என்று சுவாரசியமில்லாத பெயர்கள். பிறகு 'பாஸ் ராக்னராஸ்', 'பாஸ் ஆனிக்ஸியா', 'பாஸ் இல்லிடன்', 'பாஸ் தி லிச் கிங்'. பெருங்கூட்டமாகப் போய், ஒரே தவறில் மொத்தமும் செத்து விழுந்த சண்டைகளின் மூளை இங்கே ஒரு சாதாரண உரைக்கோப்பாகப் போய்க்கொண்டிருக்கிறது. திறந்து படிக்கலாம். எத்தனை விநாடிக்கு ஒருமுறை டிராகன் தீயைக் கக்கும் என்பது அதில் ஓர் எண்ணாக எழுதியிருக்கும்.

எரர் வராமல் முதல் முறையிலேயே முடித்தவர்கள் இருக்கலாம். பொதுவாக வரும். நூற்றுக்கணக்கில் சிவப்பு வரிகள் கொட்டும்போது, கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தேடுவது வீண். முதல் வரியைத்தான் பார்க்க வேண்டும். ஒரே ஒரு ஹெடர் கோப்பு கிடைக்காததால் வந்த சி1083, அதன் வாலாக மற்ற அத்தனையும். கடைசிக் கட்டத்தில் வரும் எல்என்கே2019 வேறு ரகம். கோடு சரி, ஆனால் அதை இணைக்க வேண்டிய நூலகத்தில் அந்தப் பகுதி இல்லை என்கிறது. பெரும்பாலும் பூஸ்ட் பதிப்பிலோ, ஓபன்எஸ்எஸ்எல் பதிப்பிலோ காரணம் இருக்கும். சி3859 வந்தால் நினைவகம் போதவில்லை. ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகளைக் கட்டுவது என்ற எண்ணைக் குறைத்தால் மெதுவாகவாவது முடிந்துவிடும்.

ஒரு பழைய ரகசியத்தின் தடயம்

கம்பைல் முடிந்தது என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. கிடைப்பது முக்கியமாக இரண்டு நிரல்கள். ஒன்று வாசலில் நின்று பெயரும் பாஸ்வேர்டும் சரிபார்ப்பது. 3724 என்ற போர்ட்டில் காது கொடுத்திருக்கும். இன்னொன்று உலகத்தையே நடத்துவது. அதற்கு 8085. இரண்டையும் இரட்டை கிளிக் செய்தால் ஜன்னல் ஒரு கணம் தோன்றி மறையும், அல்லது 'லிப்மைஎஸ்க்யூஎல் டிஎல்எல் இல்லை' என்று விண்டோஸ் சொல்லும். மைஎஸ்க்யூஎல் ஃபோல்டரிலிருந்தும் ஓபன்எஸ்எஸ்எல் ஃபோல்டரிலிருந்தும் சில டிஎல்எல் கோப்புகளை எடுத்துவந்து சர்வர் பக்கத்தில் வைக்க வேண்டும்.

அவற்றில் ஒன்றின் பெயர் 'லெகஸி'. அது ஏன் என்று கேட்காமலேயே எல்லோரும் நகலெடுத்து வைக்கிறார்கள். காரணம் ரசமானது. வார்கிராஃப்ட் 3.3.5, பொட்டலங்களின் தலைப்பகுதியை ஆர்சி4 என்ற குறியீட்டு முறையில் மறைத்து அனுப்புகிறது. 1987-ல் உருவான முறை. இன்று பலவீனமானது என்று கைவிடப்பட்டது. 2021-ல் வந்த ஓபன்எஸ்எஸ்எல் 3, இதைப் போன்ற ஓய்வுபெற்ற முறைகளை எல்லாம் 'லெகஸி' என்ற தனி அறைக்குத் தள்ளிவிட்டது. விளையாட்டு பழையது, அதை மாற்ற முடியாது. சர்வர் புதியது, ஆனாலும் பழையதன் மொழியில்தான் பேச வேண்டும். அந்த ஒரு டிஎல்எல் கோப்பு அதற்காகத்தான்.

பிறகு உலகத்தின் நிலத்தைத் தோண்டியெடுக்க வேண்டும். விளையாட்டின் கோப்புகளுக்குள் மலைகளின் உயரம், சுவர்களின் வடிவம் எல்லாம் இருக்கிறது. தன்னிடம் இல்லாததால் சர்வர் அதைக் கேட்கிறது. சுவர் எங்கே என்று தெரியாத சர்வரில் அரக்கன் சுவருக்கு அப்பாலிருந்தே மந்திரம் போடுவான். ஒரு கருவி நிலத்தை எடுக்கும், இன்னொன்று கட்டடங்களை எடுக்கும், மூன்றாவது அவற்றைச் சேர்க்கும். நான்காவது, எந்த வழியாக நடந்தால் எங்கே போகலாம் என்று ஒவ்வொரு சதுரமாகக் கணக்குப் போடும். இந்த நான்காவதை இரவு சாப்பாட்டுக்கு முன் ஓடவிட்டுத் தூங்கப் போவது நல்லது. பல மணி நேரம் எடுக்கும்.

அடுத்து தரவுத்தளம். பயனர் கணக்குக்கு ஒன்று, வீரர்களின் பாத்திரங்களுக்கு ஒன்று, உலகத்துக்கு ஒன்று என மூன்று. புதிய பதிப்புகளில் அட்டவணைகளைச் சர்வரே நிரப்பிக்கொள்ளும். ஒரு காலத்தில் இதற்கும் கையால் கோப்பு கோப்பாக ஏற்ற வேண்டியிருந்தது. மேங்கோஸ் காலத்தில் சர்வர் ஓரிடம், பாத்திரங்களின் நடத்தை நிரல் 'ஸ்கிரிப்ட்டெவ்2' என்று வேறிடம், உலகத் தகவல் மூன்றாவது இடம். மூன்றின் பதிப்பும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் உண்டு. அந்தக் காலத்தில் இதைக் கட்டியவர்கள் இன்றைய பிள்ளைகளைப் பார்த்து 'உங்களுக்கென்ன, சௌக்கியம்' என்றுதான் சொல்வார்கள்.

கடைசியில் ஒரு சின்னப் பொறி. அமைப்புக் கோப்பின் பெயரில் இருக்கும் 'டிஸ்ட்' என்ற வாலை வெட்டி வைக்க வேண்டும். நோட்பேடில் திறந்து சேமிப்பவர்களுக்கு, கேட்காமலேயே 'டிஎக்ஸ்டி' என்று ஒரு வாலை நோட்பேட் ஒட்டிவிடும். தெரிந்த வால்களை மறைத்துக் காட்டுவது விண்டோஸின் வழக்கம். ஆக, கண்ணுக்குப் பெயர் சரியாகவே தெரியும், சர்வர் மட்டும் 'அமைப்புக் கோப்பு இல்லை' என்று சாதிக்கும். எந்த சர்வரைத் தேட வேண்டும் என்று விளையாட்டுக்குச் சொல்லும் 'ரியல்ம்லிஸ்ட்' கோப்பிலும் இதே ஆபத்து. அதில் 127.0.0.1 என்று எழுத வேண்டும். வெளியே எங்கும் போகாதே, இதே கணினியைக் கேள் என்று பொருள்.

கருப்பு ஜன்னலில் வரிகள் ஓடி நின்று, உலகம் தயார் என்று செய்தி வரும். அங்கேயே ஒரு கட்டளை அடித்துக் கணக்கு உருவாக்கலாம், இன்னொரு கட்டளையால் அந்தக் கணக்குக்கு சர்வ அதிகாரம் கொடுக்கலாம். உள்ளே போனால் எல்வின் காட்டில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஆள் நடமாட்டமே இருக்காது.

ஆளில்லாத உலகம்

2010 அக்டோபரில் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் இருந்த உலகம் இது. அதில் ஒற்றை ஆளாக நிற்பது சிலருக்குப் பிடித்திருக்கிறது. நிலப்பரப்பை மட்டும் சுற்றிப் பார்க்கிறார்கள். மற்றவர்களுக்கு அலுத்துவிடும். ஐந்து பேர் தேவைப்படும் குகைக்குள் தனியாகப் போய் என்ன செய்வது?

கம்பைல் செய்யக் கற்றவர்களுக்கு லாபம் தொடங்குவது இங்கேதான். அஸெராத்கோரில் கூடுதல் வசதிகளைத் தனித்தனி மாட்யூல்களாக எழுதி வைத்திருக்கிறார்கள். மாட்யூலை அதற்கான ஃபோல்டரில் போட்டு, சிமேக்கை ஒருமுறை ஓட்டி, மறுபடி கட்டினால் சேர்ந்துவிடும். ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப அரக்கர்களின் பலத்தைக் குறைப்பது ஒன்று. ஏலச் சந்தையில் தானாகவே பொருள் வாங்கி விற்பது இன்னொன்று. இவற்றில் அதிகம் பேசப்படுவது 'பிளேயர்பாட்ஸ்'. சில நூறு போலி வீரர்களை உலகத்தில் உலவ விடும். அவர்கள் சண்டை போடுவார்கள், நிலை உயர்வார்கள், உங்கள் குழுவில் சேர்ந்து குகைக்கு வருவார்கள், உங்களுக்கு உயிர் குறைந்தால் வைத்தியமும் செய்வார்கள். இந்த மாட்யூலுக்கு வழக்கமான அஸெராத்கோர் போதாது. அதற்காகவே மாற்றிய தனிக் கிளையை இறக்கிக் கட்ட வேண்டும். மனிதர்கள் எல்லோரும் போய்விட்ட விளையாட்டை, மனிதர்கள் இருந்த மாதிரி தனக்கு மட்டும் நடித்துக் காட்ட ஒருவர் தன் வீட்டில் சர்வர் கட்டுகிறார். இது கொஞ்சம் சோகமாக இருக்கிறதா, வேடிக்கையாக இருக்கிறதா என்று எனக்கு இன்னும் முடிவுக்கு வரத் தெரியவில்லை. ஆனால் ஆபீஸ் முடிந்து வந்து இரவு பத்து மணிக்கு அரை மணி நேரம் மட்டும் கிடைக்கும் ஆளுக்கு, நிஜமான நாலு பேரைத் திரட்டிக் காத்திருப்பதைவிட இது மேல்.

ஏன் இவ்வளவு சிரமம், ஆயத்தமாகக் கட்டியதை இறக்கினால் என்ன என்று கேட்கலாம். கிடைக்கும். 'ரீபேக்' என்று பெயர். சர்வர், தரவுத்தளம், எல்லாவற்றையும் ஒரே பொட்டலத்தில் கட்டி, இரட்டை கிளிக்கில் ஓடும்படி யாரோ வைத்திருப்பார்கள். அந்த யாரோ யார்? மூலநிரல் திறந்திருக்கலாம், ஆனால் அந்தப் பொட்டலத்தில் இருக்கும் நிரல் அதே மூலநிரலிலிருந்துதான் வந்தது என்பதற்கு அவர் வார்த்தை மட்டும்தான் சாட்சி. பின்வாசல் வைத்திருக்கலாம், உங்கள் கணினியில் வேறு வேலையும் பார்க்கலாம். வைரஸ் தடுப்பு மென்பொருள் எச்சரித்தால் 'அதை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்' என்று குறிப்பு வேறு இருக்கும். அந்த ஒரு வரியைப் பார்த்ததும் நான் ஜன்னலை மூடிவிடுவேன். ரீபேக் நேரத்தை மிச்சப்படுத்துகிறது, உண்மைதான். அதில் ஒரு பிழை இருந்தால் திருத்த முடியாது, ஒரு மாட்யூல் சேர்க்க முடியாது, கட்டியவர் அலுத்துப்போய் விட்டுவிட்டால் அத்தோடு சரி. முன்பு பிளிஸார்டை நம்பியிருந்த இடத்தில் இப்போது முகம் தெரியாத ஒருவரை நம்பியிருக்கிறோம்.

சட்டம் எங்கே நிற்கிறது

மூலநிரலைக் கட்டுவது ஒன்று, அதைக் கடைவிரிப்பது வேறு. 2010-ல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 'ஸ்கேப்கேமிங்' என்ற தனியார் சர்வரை நடத்தியவருக்கு எதிராக 8 கோடியே 80 லட்சம் டாலர் அளவுக்குத் தீர்ப்பளித்தது. அங்கே விளையாட்டுக்குள் பொருள்களை விற்றுப் பணம் பார்த்தார்கள். பணமே வாங்காதவர்களும் தப்பவில்லை. வார்கிராஃப்ட்டுக்கு முன்பே, பிளிஸார்டின் பேட்டில்நெட் சேவைக்கு மாற்றாக 'பிநெட்டி' என்ற இலவச சர்வரை எழுதியவர்கள் மேல் 2002-ல் வழக்குப் போட்டது அந்த நிறுவனம். 2005 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே நின்றது. விளையாட்டை நிறுவும்போது 'சம்மதம்' என்று அழுத்திய ஒப்பந்தம், உள்ளே பிரித்துப் பார்க்கும் உரிமையைப் பறித்துவிட்டது என்றும், விளையாட்டின் அசல் சாவி எண்ணைச் சரிபார்க்காத சர்வர் பூட்டை உடைக்கும் கருவி என்றும் நீதிமன்றம் சொன்னது.

மேங்கோஸ் தன்னைக் கல்விக்கான திட்டம் என்று அறிவித்துக்கொண்டு, பொதுச் சர்வர் நடத்துபவர்களுக்கு உதவ மறுத்ததன் பின்னணி இதுதான். அந்த அறிவிப்பு எந்த நீதிமன்றத்தில் எவ்வளவு தாங்கும் என்பது வேறு விஷயம். ஆனால் தெளிவான வேறுபாடு ஒன்று இருக்கிறது. இவர்கள் வைத்திருக்கும் களஞ்சியத்தில் பிளிஸார்டின் படங்களோ இசையோ வரைபடங்களோ இல்லை. அவற்றை அவரவர் தங்கள் விளையாட்டிலிருந்துதான் தோண்டியெடுக்க வேண்டும். இரவு முழுக்க ஓடும் அந்த நான்கு கருவிகளுக்கு இப்படியும் ஒரு நியாயம் உண்டு.

உரிமத்திலும் ஒரு வேடிக்கை. மேங்கோஸும் டிரினிட்டிகோரும் ஜிபிஎல் 2-வது பதிப்பில் வெளியாகின்றன. நிரலை மாற்றி மற்றவர்களுக்குக் கொடுத்தால் மாற்றிய மூலநிரலையும் கொடுக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பொதுச் சர்வர் நடத்துபவர்கள் அதை யாருக்கும் 'கொடுப்பதில்லை'. தன் கணினியில் ஓட்டி, மற்றவர்களை வந்து விளையாடச் சொல்கிறார்கள். ஆக, பெரிய தனியார் சர்வர்கள் பொதுச் சொத்திலிருந்து எடுத்து, ஆயிரம் பிழைகளைத் திருத்தி, அந்தத் திருத்தங்களைப் பூட்டி வைத்துக்கொள்ளலாம். பலர் அதைத்தான் செய்தார்கள். போட்டி சர்வருக்கு நம் திருத்தம் போய்விடக் கூடாதே என்ற பயம். ஒரு நிறுவனம் பூட்டியதை உடைக்கக் கிளம்பியவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு பூட்டுப் போட்ட கதை இது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒரு சர்வர் மூடும்போது அதோடு சேர்ந்து அந்தத் திருத்தங்களும் போய்விடுகின்றன.

மூலநிரலுக்கும் வயதாகும்

கோடு கையில் இருந்தால் என்றைக்கும் கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும். 2006-ம் ஆண்டின் மேங்கோஸை இன்று இறக்கி, இன்றைய விஷுவல் ஸ்டுடியோவில் கட்டிப் பாருங்கள். அன்றைக்கு நெட்வொர்க் வேலைக்குப் பயன்படுத்திய நூலகம் வேறு, அன்றைய மைஎஸ்க்யூஎல் வேறு. அன்று கண்டுகொள்ளாமல் விட்ட எழுத்துமுறைகளை இன்றைய கம்பைலர் பிழை என்று நிராகரிக்கும். டிரினிட்டிகோர் ஒரு கட்டத்தில் பழைய ஏசிஇ நூலகத்தைத் தூக்கிவிட்டு பூஸ்டுக்கு மாறியதும், ஓபன்எஸ்எஸ்எல் 3 வந்தபோது ஆர்சி4-க்கு மாற்று வழி செய்ததும் விளையாடுபவர் கண்ணுக்குத் தெரியாத வேலைகள். ஓநாய் முன்பு நின்ற அதே மரத்தடியில்தான் நிற்கிறது. அது அங்கேயே நிற்பதற்காக அடியில் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறார்கள்.

விளையாட்டின் 3.3.5 பதிப்பு 2010-லேயே நின்றுவிட்டது. அதில் பிளிஸார்ட் இனி ஒரு வரியும் சேர்க்கப்போவதில்லை. ஆனால் விண்டோஸ் மாறிக்கொண்டே இருக்கிறது, கம்பைலரும் மாறிக்கொண்டே இருக்கிறது. அஸெராத்கோரில் யாராவது ஒரு திருத்தம் அனுப்பினால், ஒரு கடைக்காரர் விற்கும் ரொட்டியின் விலையை மாற்றும் திருத்தமாக இருந்தாலும், மனிதர்கள் அதை அலசுவார்கள். நிரலைத் தொட்ட திருத்தம் என்றால் லினக்ஸ், மேக், விண்டோஸ் கணினிகளில் தானாகவே கம்பைல் ஆகிறதா என்ற சோதனையும் நடக்கும். எங்கேயாவது சிவப்பு விழுந்தால், அனுப்பியவர் திருத்திவிட்டு மறுபடி அனுப்ப வேண்டும்.